தோர் நாளில் துடுப்பு

முதல் நாள், செவ்வாய்

கிளம்பும்போது அக்கா போனில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாள். "கழுத்துப் பட்டை எடுத்துக்கிட்டியாடா?" எடுத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயது, வங்கி வேலை, கழுத்தெலும்புத் தேய்மானம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மெட்டல் என்கிற காதைப் பிளக்கும் ராக் இசைக் கச்சேரி பார்க்க ஸ்வீடன் வரை போகிறவனிடம் வேறு என்னதான் கேட்பது? தலையை வேகமாக ஆட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதற்காக ஆட்டுவேன் என்பது அவருக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்லிவைத்தார்.

பார்க்கப் போவது அமோன் அமார்த். கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே டும்பா என்ற புறநகரில் 1992-இல் இந்தப் பெயரில் தொடங்கிய குழு. அதற்கு முன்னால் ஸ்கம் என்ற பெயரில் வேறு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டெல்லாம் வைக்கிங்குகள் என்ற பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளைப் பற்றி: அவர்களின் கடவுள்களான ஓடின், தோர், கடல் சண்டை, உலகம் முடிகிற ரக்னரோக். பாடகர் யோஹன் ஹெக் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். அந்த உறுமலுக்குப் பின்னால் இரண்டு கிதார்கள் சேர்ந்து ஒரு மெட்டை இழுத்துக்கொண்டு போகும். அந்த மெட்டுதான் என்னைப் பிடித்தது. கோவையில் கல்லூரியில் படிக்கும்போது விடுதி நண்பன் ஒருவன் எனக்கு ஒரு சிடி எழுதிக் கொடுத்தான். அதன் மேல் மார்க்கரில் 'அமன் அமர்நாத்' என்று இருந்தது. யாரோ வடநாட்டுக் கஜல் பாடகர் என்று நினைத்துப் போட்டேன். விடுதிக் காப்பாளர் கதவைத் தட்டினார்.

ஒரு வேடிக்கை. இந்தப் பெயர் வைக்கிங் பெயரே இல்லை. டோல்கீன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேராசிரியர் தன் கதைகளுக்காகக் கட்டிய மொழியில் 'ஊழ்மலை' என்று பொருள். ஆக, வைக்கிங் குழு என்று உலகம் சொல்கிற குழு தன் பெயரை ஆக்ஸ்ஃபோர்டில் கடன் வாங்கியிருக்கிறது. இது நினைவிருக்கட்டும், இந்தப் பயணம் முழுக்க இது மாதிரிதான் நடக்கப்போகிறது என்று தோன்றுகிறது.

ஆர்லாண்டா விமான நிலையத்தில் பாப்பா காத்திருந்தாள். பாப்பா என்றால் அக்கா மகள். உப்சாலாவில் முதுகலை படிக்கிறாள். இருபத்து நான்கு வயசாகியும் வீட்டில் யாருக்கும் வேறு பெயர் வரவில்லை. அவளுக்கு மெட்டல் பிடிக்காது. "உங்களுக்குத் துணைக்கு வர்றேன் மாமா. நீங்க கீழ விழுந்தா அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாள்.

இறங்கியவுடன் ஒரு அவமானம். சென்னையிலேயே க்ரோனர் நோட்டுகளாக மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். காபிக் கடையில் ஏலக்காய் ரொட்டிக்கு நோட்டை நீட்டினால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறாள். அட்டை மட்டும்தானாம். அடுத்த கடையிலும் அதே பதில். இருபது வருஷமாக நோட்டை எண்ணிப் பிழைக்கிறவனுடைய நோட்டை வாங்க ஒரு நகரத்தில் ஆளில்லை.

மாலையில் காம்லா ஸ்டான் என்கிற பழைய ஊர்ப் பகுதிக்குப் போனோம். கடைகள் முழுக்கக் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசங்கள். வைக்கிங்குகள் அப்படி எதையும் போட்டதற்குச் சான்று இல்லை. 1876-இல் வாக்னர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் இசைநாடகத்துக்கு கார்ல் எமில் டோப்லர் என்பவர் தைத்த உடைகளிலிருந்துதான் அந்தக் கொம்பு ஊரெங்கும் பரவியது. மண்ணிலிருந்து கிடைத்த நல்ல தலைக்கவசம் 1943-இல் நார்வேயின் ஜெர்முண்ட்பூவில் எடுத்தது. மொட்டையாக, கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி வைத்த மாதிரி இருக்கும். பாப்பாவிடம் இதைச் சொன்னேன். "சரிங்க மாமா, ஆனா மொட்டையா இருந்தா யார் வாங்குவாங்க?" என்றாள். வியாபாரம் தெரிந்த பிள்ளை.

தேடி வந்தது வேறு. ப்ரெஸ்ட்கதான் என்ற சந்தும் கோக்பிரிங்கென் என்ற சந்தும் சேர்கிற முனையில், ஒரு வீட்டுச் சுவரின் அடியில் பழைய வடக்கத்திய ரூன் எழுத்து வெட்டிய ஒரு கல் பதித்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பழைய பீரங்கிக் குழாயைச் செங்குத்தாக நட்டிருக்கிறார்கள், வண்டிச் சக்கரம் முனையில் இடிக்காமல் இருக்க. வீடு கட்டியவர்களுக்கு அது கல்வெட்டு இல்லை, நல்ல உறுதியான கல். டோர்ஸ்டென் என்பவரும் ஃப்ரோகுன் என்பவரும் தங்கள் மகனின் நினைவாக இதை நட்டார்கள் என்று அதில் இருக்கிறது. மகன் பெயர் இருந்த இடம் இப்போது இல்லை. நம் ஊரில் நடுகல்லைத் துணி துவைக்கிற கல்லாகப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கோபம் வரவில்லை. குனிந்து கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் நிற்காமல் கடந்து போனது.

கழுத்து இன்னும் நன்றாகவே இருக்கிறது.


இரண்டாம் நாள், புதன்

புதன்கிழமைக்கு இங்கே ஊன்ஸ்டாக், ஓடினின் நாள். காலையில் வரலாற்று அருங்காட்சியகம். மெட்ரோவில் கார்லாப்ளான் நிலையத்தில் இறங்கி நடந்தோம்.

முதலில் நிலவறையில் இருக்கிற தங்க அறை. 52 கிலோ தங்கம், 200 கிலோவுக்கு மேல் வெள்ளி என்று சொல்கிறார்கள். நகைக்கடன் பிரிவில் ஆறு வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் கை தானாக உரைகல்லைத் தேடியது. ஆனால் வெள்ளிதான் கதை சொல்கிறது. அரபு எழுத்து பொறித்த காசுகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. வளையங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். காசின் முக மதிப்பைப் பற்றி இவர்களுக்குக் கவலையில்லை, எடை போட்டு வாங்கியிருக்கிறார்கள். கோடரியோடு வருகிறவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற ஆளின் இடுப்பில் மடக்குத் தராசு ஒன்றும் இருந்திருக்கிறது. இது எந்த மெட்டல் பாட்டிலும் வராது. தராசைப் பற்றி யார் உறுமுவார்கள்?

மேலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். ஒரு புத்தர். விரல் நீளம்தான், எட்டு சென்டிமீட்டர் சொச்சம். தாமரை மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்த்தது. 1956-இல் ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே ஹெல்யோ என்ற தீவில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. அதே ஊரில் அயர்லாந்துப் பாதிரியார் ஒருவரின் கோல் தலையும், எகிப்து அகப்பை ஒன்றும் கிடைத்திருக்கின்றன. யார் கொண்டுவந்தார், கும்பிடவா, பொம்மையாகவா, எடைக்குப் போடவா, ஒன்றும் தெரியாது. பாப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, நமக்கு முன்னாடியே ஒருத்தர் விசா இல்லாம வந்துட்டாரு."

பக்கத்தில் பிர்கா என்ற வைக்கிங் கால வணிகப் பட்டணத்தின் கல்லறைகளிலிருந்து எடுத்த மணிகள். கண்ணாடி, படிகம், அதோடு சூதுபவளம். எனக்கு ஈரோடு. கொடுமணல் எங்களுக்குப் பக்கம். அங்கே மண்ணைக் கிளறினால் இந்தச் சிவப்பு கிடைக்கும் என்று சின்ன வயதில் கேட்டுக் கேட்டு, வயலில் தலை குனிந்தே நடந்த காலம் உண்டு. இந்த மணிகள் அங்கிருந்து வந்தவை என்று சொல்லவில்லை, காலமே வேறு. ஆனால் சிவப்பு அதே சிவப்பு.

மதியத்துக்கு மேல் பாப்பாவைக் கெஞ்சி டும்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புறநகர் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. "அங்க என்னங்க இருக்கு மாமா?" என்றாள். "ஒண்ணும் இருக்காது, அதைத்தான் பார்க்கணும்" என்றேன். ஒன்றும் இல்லைதான். நிலையத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பேசுகிற பெண்கள், நாலு மாடி அடுக்குக் குடியிருப்புகள். தாம்பரம் தாண்டினால் வருகிற ஏதோ ஓர் ஊர் மாதிரி. பால் கறக்கிற இயந்திரங்களுக்குப் பேர்போன டெலவால் நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டும்பா புரூக். 1755-இல் ஸ்வீடனின் மத்திய வங்கி இங்கே ஒரு காகித ஆலை தொடங்கியது, பண நோட்டுக்கான காகிதம் செய்ய. உலகத்திலேயே பழைய மத்திய வங்கி அதுதான், 1668. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை அச்சடித்ததும் இந்த நாடுதான், 1661-இல். அந்த நாட்டில்தான் நேற்று என் நோட்டுக்கு ஒரு ரொட்டி கிடைக்கவில்லை. சிவப்பு மரவீடுகள், ஓடை, புல்வெளி. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செல்லாத என் க்ரோனரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீரோட்டக் குறியைப் பார்த்தேன். பழக்க தோஷம்.

தோரைப் பற்றிப் பாடுகிற ஐந்து பேரின் குழு ஒரு மலையிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ வந்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது. இந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வந்திருக்கிறார்கள். பதினேழு வயதில் இங்கே மழைக்கு ஒதுங்கி நிற்கிறவனுக்குக் கப்பலும் கோடரியும் தேவைப்பட்டிருக்கும். விடுதி அறையில் எனக்குத் தேவைப்பட்ட மாதிரி.

இரவு பாப்பாவுக்கு ஒரு பாடம் எடுத்தேன். இந்த வகை இசைக்கு வழி போட்டவர் இதே ஸ்டாக்ஹோம்காரர், குவோர்தன். பாதரி என்ற பெயரில் வாசித்தவர். 1990-இல் வந்த 'ஹாமர்ஹார்ட்' இசைத்தட்டில் வேகத்தைக் குறைத்து, கூட்டுக்குரலைச் சேர்த்து, கடல் சத்தத்தோடு ஓர் ஒலியைக் கட்டினார். ஆனால் அந்தப் பாட்டுகளை அவர் மேடையேற்றவே இல்லை. 2004-இல், நாற்பது ஆவதற்கு முன்னாலேயே, போய்விட்டார். "அப்ப மேடை, நெருப்பு, கப்பல் எல்லாம்?" என்றாள். அது பின்னால் வந்தவர்கள் கட்டியது. முதல் ஆள் வீட்டிலேயே இருந்துவிட்டார்.


மூன்றாம் நாள், வியாழன்

தூர்ஸ்டாக், தோரின் நாள். டிக்கெட் எடுக்கும்போது இதைக் கவனிக்கவில்லை, சத்தியமாக. ரோமர்கள் ஜூபிடருக்குக் கொடுத்த கிழமையை வடக்கத்தியர்கள் இடிக்கு அதிபதியான தோருக்கு மாற்றிக்கொண்டார்கள். நம்முடைய வியாழனும் அதே ஜூபிடர் கோள்தான். குரு பார்க்கக் கோடி நன்மை என்று அக்கா செய்தி அனுப்பியிருந்தாள். அவளுக்கு எந்த குருவைப் பார்க்கப் போகிறேன் என்று தெரியாது.

பகலில் எதுவும் செய்யவில்லை. தூங்கினேன். நாலு மணிக்குச் சோறு வடித்து, பாப்பா கொண்டுவந்த பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டோம்.

குளோபன் நிலையம். அந்த வட்டாரம் முழுக்க அரங்குகள்தான், நடுவில் பெரிய வெள்ளைப் பந்து மாதிரி ஒன்று எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. ரயிலிலேயே கூட்டம் கறுப்புச் சட்டையாக மாறிவிட்டது. எல்லோரும் ஏறக்குறைய என் வயது. இடுப்பில் மாட்டுக்கொம்பு தொங்குகிறது, குடிப்பதற்கு. ஒருவர் உரோமத் தோல் போர்த்தியிருந்தார். அவர் தோளில் மடிக்கணினிப் பை. நேராக அலுவலகத்திலிருந்து வருகிறார் போல. எனக்கு எதிரே ஓர் அம்மா கண்ணைச் சுற்றி மை தீட்டிக்கொண்டிருந்தார், ரயில் குலுங்கும்போது நிறுத்தி, நின்றதும் தொடர்ந்தார்.

வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். தோள்பை பெரிதாம். அளவு டிக்கெட்டிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. பையில் இருந்ததோ கழுத்துப் பட்டை, தண்ணீர் பாட்டில், குளிர்ச் சட்டை. பாதுகாப்புப் பையன் பட்டையை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தான். "ஹெட்பேங்கிங்?" என்றான், பாட்டுக்குத் தலையை வேகமாக ஆட்டுவதைத்தான் கேட்கிறான். ஆமாம் என்றேன். ரொம்ப மரியாதையோடு என் கையில் கொடுத்து, பையை மட்டும் காப்பறையில் வைக்கச் சொன்னான். பாப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

உள்ளே காதடைப்பான் சும்மா கொடுக்கிறார்கள். இந்த ஊரில் கச்சேரி ஒலிக்குச் சராசரி 100 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வருகிற இடமென்றால் 97. நம் ஊர்க் கல்யாண மண்டபத்து வாத்தியக் குழுக்காரர் இதைக் கேட்டால் அழுதுவிடுவார். பீர் விலையைக் கேட்டு நானும் கிட்டத்தட்ட அழுதேன். ஒன்று வாங்கி, இருவரும் ஒரு மணி நேரம் குடித்தோம்.

முதலில் வாசித்த குழுவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லவர்கள், வேகமாக வாசித்தார்கள், போனார்கள்.

அப்புறம் விளக்கு அணைந்தது. திரை விழுந்தபோது மேடை நடுவில் ஆள் உயரத்தைவிடப் பெரிய தலைக்கவசம், அதன் உச்சியில் டிரம்ஸ். முதல் அடி காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. யோஹன் ஹெக் நடந்து வருகிறார். பெரிய உடம்பு, நெஞ்சு வரை தாடி, இடுப்பில் உறையோடு கொம்பு. இருபத்தைந்து வருஷமாகக் காதுக்குள் மட்டும் இருந்தவர். உறுமினார். சிடியில் கேட்டதைவிடச் சொல் தெளிவாக இருந்தது, இது நான் எதிர்பார்க்காதது. பாட்டுக்கு இடையில் பேசும்போதோ, ஸ்வீடிஷில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிற சித்தப்பா மாதிரி ஒரு சிரிப்பு. ஊர்க்காரர்கள் முன்னால் வாசிக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது. அவர் 'டும்பா' என்று ஒரு வார்த்தை சொன்னதும் பின்வரிசையில் ஒரு மூலை மட்டும் கத்தியது. நேற்று அந்தப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவன் என்ற உரிமையில் நானும் கத்தினேன்.

வேடம் போட்ட இரண்டு பேர் வாளும் கேடயமுமாக வந்து மேடையில் சண்டை போட்டார்கள். நம் கூத்தில் கட்டியக்காரன் வருகிற மாதிரி ஒரு சம்பிரதாயம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில், மேடையில் பாதி விஷயம் கூத்துதான். நெருப்பு பீய்ச்சுகிறது, தோரின் சுத்தியல் வருகிறது, கடல் பாம்பு காற்று நிரம்பி எழுகிறது. பாம்பின் ஒரு பக்கம் சரியாகக் காற்றுப் பிடிக்காமல் கொஞ்சம் தொய்ந்து நின்றது. யாருக்கும் கவலையில்லை. உலகத்தைச் சுற்றிக் கிடக்கிற அந்தப் பாம்பைத் தோர் கொல்வான், கொன்று ஒன்பது அடி நடந்து அதன் விஷத்தில் விழுவான் என்பது பழைய கதை. கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதைக்குத்தானே விடிய விடிய உட்காருகிறோம்.

பாப்பா என் காதருகே வந்து கத்தினாள்: "எல்லாப் பாட்டும் சாவுதாங்க மாமா! ஆனா எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க!"

அப்புறம்தான் அது. ஹெக் கையைக் கீழே காட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னார். உட்காருவதென்றால் பீர் ஊற்றிய, பிசுபிசுத்த சிமென்ட் தரையில். ஆயிரக்கணக்கான பேர் கீழே இறங்குகிற சத்தம், மூட்டுகள் சொடக்குகிற சத்தம், இடையிடையே ஸ்வீடிஷில் முனகல். இதை வீடியோவில் நூறு முறை பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளை விளையாட்டு, நான் உட்காரமாட்டேன் என்றுதான் முடிவு செய்து வந்தேன். கூட்டம் உட்கார்ந்த பிறகு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவரின் முதுகு என் முழங்காலில் இடித்தது. பின்னால் இருந்த யாரோ என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இழுத்து வரிசையாக்கினார். இடது பக்கம் உரோமத் தோல்காரர், மடிக்கணினிப் பை இல்லாமல். வலது பக்கம் பாப்பா.

டிரம் மெதுவாகத் தொடங்கியது. ஓர் அடிக்கு முன்னால் சாய்வு, அடுத்த அடிக்குப் பின்னால் இழுப்பு. இல்லாத துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறோம். முதல் நாலைந்து இழுப்பு சிரிப்பாக இருந்தது. முன்னால் இருப்பவரின் முதுகு வருகிறது, போகிறது. யாருடைய வியர்வையோ என் கன்னத்தில். பத்தாவது இழுப்பில் ஒரு விஷயம் புரிந்தது, நான் இழுக்கவில்லை. பின்னால் இருப்பவரின் முழங்கால் என்னைத் தள்ளுகிறது, முன்னால் இருப்பவர் சாய்ந்து எனக்கு இடம் விடுகிறார், நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஊரில் சிறுவனாகத் தேர்வடத்தைப் பிடித்தபோது கை இப்படித்தான் இருந்தது. அங்கே வடம் இருந்தது. இங்கே ஒன்றுமே இல்லை, இருந்தும் இடித்துக்கொள்ளாமல் ஓர் அரங்கமே ஒரே பக்கம் சாய்கிறது. இரண்டு வரிசை தள்ளி ஓர் அப்பாவின் மடியில் ஏழு வயது இருக்கும் ஒரு பையன், காதில் மஞ்சள் காதுமூடி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறான். அவன் மட்டும் தாளத்துக்கு அரை அடி பின்னால். அவன் முகத்தைப் பார்த்தால் கப்பலை அவன்தான் நகர்த்திக்கொண்டிருந்தான்.

பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்த பிறகும் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

எழுந்திருக்க உரோமத் தோல்காரர் கை கொடுத்தார். அதன் பிறகு தலையை ஆட்டினேனா என்று கேட்காதீர்கள்.


நான்காம் நாள், வெள்ளி

ஆட்டினேன்.

இடது பக்கம் திரும்ப முடியவில்லை. காதில் பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம், மத்தியானம் வரை. உப்சாலாவுக்குப் போய்விட்டோம், பாப்பாவின் அறைக்கு. பழைய உப்சாலாவில் அரசர்களின் மூன்று மேடுகள் இருக்கின்றன, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஈமக் குன்றுகள். பச்சைப் புல் போர்த்திய மூன்று அலை மாதிரி. பதினோராம் நூற்றாண்டில் பிரேமனின் ஆதாம் என்ற பாதிரியார், இங்கே தோர், ஓடின், ஃப்ரேய் மூவருக்கும் ஒரு கோயில் இருந்தது, நடுவில் தோர் என்று எழுதிவைத்தார். அவர் நேரில் வந்து பார்த்தவர் இல்லை, கேட்டு எழுதியவர். கழுத்துப் பட்டையோடு மேட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாயோடு நடந்து போன ஒரு பெரியவர் என் பட்டையையும் உள்ளே இருந்த சட்டையையும் பார்த்து, விரலை உயர்த்தி ஒரு சலாம் வைத்தார்.

இன்று இவ்வளவுதான். சூடான தண்ணீர்ப் பை வைத்துக்கொண்டு படுக்கப் போகிறேன்.


ஐந்தாம் நாள், சனி

சனிக்கிழமைக்கு இங்கே லோர்டாக். கடவுள் பெயர் இல்லை, பழைய மொழியில் குளிக்கிற நாள். நமக்கும் சனி நீராடு. அவ்வையாரும் வைக்கிங்கும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

நகர மண்டபத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து பிர்காவுக்குப் படகு. மேலாரன் ஏரியில் இரண்டு மணி நேரம். பிர்கா, எட்டாம் நூற்றாண்டு நடுவிலிருந்து பத்தாம் நூற்றாண்டுக் கடைசி வரை இருந்த வணிகப் பட்டணம். இப்போது புல், ஆடு, பிர்ச் மரம். புதைமேடுகள் ஆயிரக்கணக்கில், ஆள் உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும். மழை பெய்து விட்ட பிறகு வயலில் கிடக்கிற உரக்குவியல் மாதிரி இருக்கின்றன, எங்கே கால் வைத்தாலும் யாரோ ஒருவரின் மேல்.

வழிகாட்டிப் பெண் ஒரு கல்லறையின் கதையைச் சொன்னார். அதன் எண் பிஜே 581. 1878-இல் யால்மார் ஸ்டோல்ப்பே என்பவர் தோண்டியது. உள்ளே வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயம், இரண்டு குதிரை, மடியருகே சொக்கட்டான் மாதிரி ஆட்டக் காய்கள். இவ்வளவு ஆயுதம் இருந்தால் படைத்தலைவன்தான் என்று நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் எல்லோரும் எழுதினார்கள். 2017-இல் எலும்பின் மரபணுவைப் பார்த்தார்கள், பெண். உடனே சண்டை தொடங்கிவிட்டது. ஆயுதம் வைத்துப் புதைத்ததாலேயே போர்வீராங்கனை ஆகிவிடுவாளா என்று ஒரு கூட்டம் கேட்டது. ஆணாக இருந்த வரைக்கும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே என்றாள் பாப்பா, கொஞ்சம் உரக்கவே. வழிகாட்டி சிரித்துவிட்டு, நாங்களும் அதைத்தான் சொல்கிறோம் என்றார்.

'கறுப்பு மண்' என்று அழைக்கிற இடத்தைப் பார்த்தேன். ஊர் நின்ற இடம். இருநூறு வருஷத்து அடுப்புக் கரி, சாணி, எலும்பு, மீன் செதில் எல்லாம் மக்கி மண்ணே கறுத்துப்போயிருக்கிறது. இந்த ஊர்க்காரர்களின் கல்லறைகளில் கிடைத்த மணிகளைத்தான் புதனன்று பார்த்தோம். துறைமுகம் எங்கே என்று தேடினால் கரையிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்கிறது. பனியுகத்துப் பனிப்பாளம் அழுத்திய நிலம் பாரம் நீங்கி இன்னும் மேலெழுந்துகொண்டிருக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் ஐந்து மீட்டர் உயரத்தில் நின்றிருக்கிறது, மேலாரன் அப்போது ஏரி இல்லை, கடலின் கை. கப்பல் வர வழி மாறியதும் பிர்காவைவிட்டு ஆட்கள் கிளம்பியதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். சண்டையில் விழுந்த ஊர் இல்லை இது. தண்ணீர் தள்ளிப் போய்விட்டது, வியாபாரிகள் மூட்டை கட்டிவிட்டார்கள். கிளை மூடுகிற மாதிரி.

கரையில் பழைய அளவுக்குக் கட்டிய மரப்படகு ஒன்று கட்டியிருந்தது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம் போல. பாப்பா போய் உட்கார்ந்தாள். துடுப்பை எடுத்தவள், "மாமா, இது தூக்கவே முடியலைங்க" என்றாள். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். நிஜமாகவே கனம். இருவரும் சேர்ந்து தண்ணீரில் விட்டு ஒரே ஒரு முறை இழுத்தோம். படகு கயிற்றளவுக்கு நகர்ந்து, திரும்ப வந்து கரையில் முட்டியது. என் கழுத்து 'கடக்' என்றது.

திரும்பும் படகில் அக்கா அழைத்தாள்.

"கச்சேரி எல்லாம் முடிஞ்சுதா? கழுத்து எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குதுக்கா."

"பட்டையைப் பையிலயே வெச்சிருக்கியா?"

கழுத்திலிருந்த பட்டையைத் தொட்டுக்கொண்டு, "ஆமாக்கா, எடுக்கவே இல்ல" என்றேன். பாப்பா என்னைப் பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டாள். காட்டிக்கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, அடுத்த வருஷமும் வர்றாங்களாம்" என்றாள்.